நாகையாவுக்கு நாங்கள் எடுத்த பாராட்டு விழா

எங்கள் மன்றத்தில் மாலை வாங்கி வர ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை. மாலை போட ஒரு கழுத்து கிடைப்பதுதான் பஞ்சம். கிள்ளானில் ஒருவன் எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறினால் பொன்னாடை, போலீஸில் சேர்ந்தால் பொன்னாடை, வெளியூர்ப் பேச்சாளர் யாராவது வழி தவறி எங்கள் பக்கம் வந்துவிட்டாலும் பொன்னாடை. அந்த மன்றத்துக்குப் பல வருடமாகச் செயலாளர் நான்தான். பெயர் தம்புசாமி, இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் கீப்பர். நாகையாவைப் பற்றி எழுத உனக்கு என்ன அருகதை என்று கேட்டால், அவன் வாழ்க்கையைக் கெடுத்தவர்களில் முதல் ஆள் என்பதுதான் என் அருகதை.

லோரி ஓட்டும் ரெங்கசாமிக்கு நாகையா ஒரே பிள்ளை. ரெங்கசாமி பந்திங் பக்கத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தவர். நாள் முழுக்க ஓட்டினாலும் பத்து வார்த்தை பேசமாட்டார். மகன் பதினாறு வயதில் ஆறடியைத் தாண்டிவிட்டான். நிலைப்படியில் இடித்து இடித்து நெற்றியில் ஒரு வீக்கம் நிரந்தரமாகவே இருக்கும். மற்ற பையன்கள் கால்பந்து உதைத்துக்கொண்டிருந்தபோது, இவன் சீனக் கோயிலுக்குப் பின்னாலிருந்த கூடைப்பந்துத் திடலில் போய் நின்றான். சீனப் பையன்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பந்தைக் கொடுத்தார்கள். ஆட்டத்தில் பைத்தியமாக இருந்தாலும் படிப்பை விடவில்லை. 1991இல் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் வட்டாரத்தில் அந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவன்தான். அதற்கும் நாங்கள் ஒரு மாலை போட்டோம்.

இரண்டாம் ஆண்டு முடியும் சமயம் அந்த அறிவிப்பு வந்தது. சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் கூடைப்பந்து லீக் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். ஆறு குழுக்கள். பெயர் கொடுத்தவர்களை ஒரு வாரம் ஆடவிட்டுப் பார்த்து, பிறகு குழுக்கள் வரிசையாக ஆளைத் தேர்ந்தெடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை. மாணவர்கள் சேர முடியாது. பெயர் கொடுக்கும்போதே பல்கலைக்கழகத்துக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டும். நாகையா கொடுத்துவிட்டான். மனம் மாறுகிறவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழுக்கள் ஆள் எடுக்கும் நாளுக்கு முந்திய திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழகமும் கடிதத்தைத் திருப்பித் தந்துவிடும். ஐந்து மணி தாண்டினால் இரண்டு கதவும் மூடிவிடும்.

ரெங்கசாமிக்கு விஷயம் தெரிந்த அன்று ஒரு தட்டு உடைந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. நாகையாவின் அம்மா சீதாலெட்சுமி அக்காதான் நடுவில் நின்று, "அப்பா சாப்பிட்டாச்சான்னு கேக்குறான்", "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்று இரண்டு பக்கமும் அஞ்சல் வேலை பார்த்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. சம்பளத்துக்கு ஆடப்போகும் நம் ஆள்! இன்னும் எந்தக் குழுவும் அவனை எடுக்கவில்லை என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எடுத்த பிறகு மாலை போட்டால் அம்பாங் மன்றத்துக்காரன், பிரிக்பீல்ட்ஸ் மன்றத்துக்காரன் எல்லாம் முந்திக்கொள்வான். அந்தத் திங்களுக்கு முந்திய ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தைப் பிடித்தேன். நோட்டீஸ் அடித்தேன். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நாகையா கடைக்கு வந்தான். குனிந்துதான் உள்ளே நுழைந்தான். ஒரு வாரம் ஆடிய ஆட்டத்தில் முகம் கறுத்திருந்தது.

"அண்ணே, விழாவ நிறுத்திடுங்க. நான் திங்கக்கெழம போயி பேர எடுத்துடப் போறேன்."

"என்னப்பா சொல்ற?"

"கோச் நேரா கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. உயரம் இருக்கு, கால் வேகம் பத்தல, இப்ப யாரும் எடுக்க மாட்டாங்க, போயி படிப்ப முடின்னாரு. அவரு சொல்றது சரிதாண்ணே. அங்க வந்தவனுங்க ஆட்டத்தப் பார்த்தேன்ல. அப்பா சொன்னதுதான் சரி. திங்கக்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொல்லிடுவேன்."

ஒரு மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்ல முடிவு தம்பி என்று தோளைத் தட்டியிருக்க வேண்டும். என் தலைக்குள் ஓடியது நோட்டீஸும் டத்தோவும் முந்நூறு பேருக்குச் சொன்ன சாப்பாடும்தான்.

"டத்தோவுக்கு என்ன பதில் சொல்றது? ஒரு மணி நேரம் லா. வந்து நின்னு மாலைய வாங்கிக்க. திங்கக்கெழம நீ போயி எடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பையன். தலையாட்டிவிட்டுப் போனான்.

அதோடு விட்டேனா? மேடையில் அப்பா நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று அன்று சாயங்காலம் ரெங்கசாமி வீட்டுக்குப் போனேன். அவர் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகன் மனம் மாறிவிட்டான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சந்தோஷத்தில், 'அப்புறம் எதுக்கு விழா?' என்று கேட்டுவிடுவார். அதனால் சொல்லவில்லை. மேடையில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டேன். தனக்குப் பேச வராது என்றார். நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 'நான் வேணாம்னு சொன்னேன். அது என் தப்பு. என் மகன் ஆடுறதுதான் எனக்குப் பெருமை. அவன் திரும்பிப் பார்க்காம போகணும்.'

ரெங்கசாமி அதை இரண்டு தடவை படித்தார். "நான் இப்படி நெனைக்கலையே, தம்பு."

"நெனைக்க வேணாம்ணே. சொன்னா போதும். புள்ள மனசு ஒடஞ்சு கெடக்கு. ஒரு நாளைக்கு நல்லதா சொல்லுங்க."

மகன் மனசு உடைந்து கிடக்கிறது என்றதும் அவர் மறுக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு விழா பிரமாதம். மாலை போடக் கை எட்டவில்லை என்று டத்தோவுக்கு ஒரு முக்காலி போட்டோம், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரெங்கசாமியை அழைத்தேன். அவர் தாளை எடுக்கவே இல்லை. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருக்கிறார். ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். 'அது என் தப்பு' என்ற இடத்தில் அவர் குரல் உடைந்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது. நாகையா அவ்வளவு உயரத்திலிருந்து மடங்கி அப்பா காலில் விழுந்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் அவனைத் தொட்டது அப்போதுதான். படம் நன்றாக வந்திருக்குமா என்பதுதான் அப்போது என் கவலை.

திங்கட்கிழமை இரண்டே முக்காலுக்கு எதற்கோ அந்தத் தெருப் பக்கம் போனேன். நாகையா வீட்டு வாசலில் உட்கார்ந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கோலாலம்பூர் போகலையா?"

"எப்படிண்ணே போறது? அப்பா சொன்னதக் கேட்டீங்கல்ல? இருபத்தோரு வருசத்துல அவரு என்னப் பத்தி ஒரு வார்த்த வெளிய சொன்னதில்ல. முந்நூறு பேரு முன்னால தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டாரு. இனிமே நான் போயி, நீங்க மொதல்ல சொன்னதுதான் சரின்னு சொன்னா அவரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?"

இரண்டேகால் மணி நேரம் இருந்தது. என் மோட்டார் சைக்கிள் அங்கேயே நின்றது. ஃபெடரல் சாலையில் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அதற்கு ஒரு வரி போதும். 'அது உங்க அப்பா பேச்சு இல்ல, நான் எழுதிக் கொடுத்தது.' அந்த வரி தொண்டைவரை வந்தது. வெளியே விட்டால் என்னை என்னவென்று நினைப்பான், நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்று விழுங்கிவிட்டேன். ஒருவேளை எடுத்தாலும் எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நல்லா யோசிச்சுக்கப்பா" என்றேன். சீதாலெட்சுமி அக்கா கொடுத்த தேநீரைக் குடித்தேன். அந்தத் தேநீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

புதன்கிழமை ஆறு குழுக்களும் எழுபத்திரண்டு பேரை எடுத்தன. அதில் நாகையா பெயர் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை நடந்தான். இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த லீக்கும் ஒரு பருவத்தைக்கூட முழுதாகத் தாண்டவில்லை.

மன்றத்தில் யாரும் அவன் பேச்சை எடுக்கவில்லை. வழியில் அவனைக் கண்டால் எங்கள் ஆட்கள் கடைக்குள் நுழைந்துகொள்வார்கள். அவன் துறைமுகக் கிடங்கு ஒன்றில் சேர்ந்தான். உயரம் அங்கே உதவியது. மேல்தட்டு மூட்டையை ஏணி இல்லாமல் இறக்குவான். இரண்டு வருடத்தில் முதுகு போய்விட்டது, வாயிற்காவலுக்கு மாற்றினார்கள். இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள், இரண்டும் அமையவில்லை. சீனக் கோயில் திடல் பக்கம் அவன் அப்புறம் போகவேயில்லை.

ரெங்கசாமி ஒருமுறை என்னிடம் சொன்னார். "திட்டியாவது அவன மறுபடி எதாவது படிக்க வச்சிருப்பேன், தம்பு. மேடையில அப்படிச் சொல்லிட்டேனே. எந்த வாயால திட்டுறது?" அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

1998இல் ரெங்கசாமி லோரியிலேயே மாரடைப்பு வந்து இறந்தார். போர்ட் கிள்ளான் கடலில் அஸ்தி கரைத்த பிறகு, நாகையா ஈர வேட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. பார்த்தால் நாற்பது சொல்லலாம்.

"படிப்பு போச்சு, ஆட்டம் போச்சு, இப்ப அப்பாவும் போயிட்டாரு. அன்னிக்கு மேடையில அவரு மனசார சொன்னாரு பாருங்க, என் மகன் ஆடுறதுதான் பெருமைன்னு. ராத்திரி தூக்கம் வரலன்னா அதத்தாண்ணே நெனச்சுக்குவேன். அது ஒண்ணு போதும் எனக்கு."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதாவது உண்மையைச் சொல் என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் என் பாரம் குறையும். ஆனால் அவனிடம் மிச்சமிருப்பது அந்த நாலு வரிதான். அதையும் பிடுங்கிக்கொண்டு அவனை எங்கே அனுப்புவது?

"ஆமாம்பா, மனசாரத்தான் சொன்னாரு" என்றேன்.