வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தவை

அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் திருடன்கூட அப்புறம்தான். முதல் பயம் மூட்டைப்பூச்சி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, படித்தவர்கள் சிரிப்பார்களோ என்று தயக்கம்தான். ஆனாலும் அறை விட்டு அவதிப்படும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிப் பக்கம் என் வீடு. மாடியில் மூன்று அறைகள். என் வீட்டுக்காரர் போன பிறகு அதுதான் பிழைப்பு. வைகுண்ட ஏகாதசிக்கு ஆள் வரவில்லை என்றால் வீட்டையே விற்க வேண்டியதுதான்.

கோலக் கை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் டி.டி.டி. என்கிற பூச்சிமருந்துத் தூள் டப்பா வாங்கினேன். முதல் தடவை தாராளமாகத் தூவியதில், மறுநாள் கூட்டி அள்ளும்படி பூச்சிகள் செத்துக் கிடந்தன. நெடி தாங்கவில்லை என்று தங்கினவர்கள் முகம் சுளித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சமாகப் போடப் பழகிக்கொண்டேன். கோலம் இழுக்கிற கை அல்லவா? வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. வருடம் தவறாமல் குடும்பத்தோடு வரும் லால்குடி தனபாக்கியம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்க்கா, மூட்டைப்பூச்சியை வாங்க வாங்கன்னு கோலம் போட்டுக் கூப்பிடுறீங்களா?"

காலை வெயிலில்

ஏழெட்டு வருடம் நிம்மதியாகப் போனது. பிறகு ஓர் ஏகாதசிக்கு மறுநாள் காலை, தனபாக்கியத்தின் அறையைக் கூட்டப் போனேன். ஜன்னல் வெயில் தரையில் விழுந்திருந்தது. நான் போட்ட கோடு அசைந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு பூச்சி, உடம்பெல்லாம் தூள் அப்பி வெள்ளையாக, கோட்டின் மேலேயே நடந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும் நான்கு. வெளிச்சத்துக்கு ஒளியவில்லை, அவசரமும் படவில்லை. காலால் தேய்த்தேன். வெள்ளைக்கு நடுவில் சிவப்பாகப் பரவியது.

அது யாருடைய ரத்தம் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தனபாக்கியம் மகளின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை தடிப்பு. "கோவிச்சுக்காதீங்கக்கா, அடுத்த வருஷம் நாங்க புத்தூர்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கிறோம்."

டப்பாவுக்குள்

தூளை இரண்டு மடங்கு போட்டேன். ஒன்றும் சாகவில்லை. கெட்டுப்போன சரக்கோ என்று, கடைசி அறையில் மாத வாடகைக்கு இருந்த ஆரோக்கியசாமி சாரிடம் டப்பாவைக் கொடுத்தேன். காலேஜில் உயிரினப் பாடம் நடத்துகிறவர். மூடியைத் திறந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். மூடியின் உள்விளிம்பில், தூளுக்குள்ளேயே, இரண்டு பூச்சிகள். சுற்றிலும் நொய்யரிசி போல முட்டைகள். செத்ததுதான் என்று நினைத்தேன். தீக்குச்சியால் தொட்டார், நடந்தன.

எப்படித் தூவுவேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பூச்சி எல்லாமே ஒண்ணுபோல இருக்காதும்மா. இதைத் தாங்குறது ஒண்ணு ரெண்டு முதல்லயே இருந்திருக்கும். நீங்க போட்ட கொஞ்சத்துல தாங்காததெல்லாம் செத்துச்சு. தாங்கினது முட்டை போட்டுப் பெருகிடுச்சு."

"அப்ப இது எங்கேருந்து வந்த பூச்சி சார்?"

டப்பாவை மூடி என் கையிலேயே கொடுத்தார். "எங்கேருந்தும் வரலைம்மா, வெள்ளிக்கிழமை தவறாம நீங்களே சலிச்சு எடுத்து வளர்த்தது."

அன்றே கொல்லையில் குழி வெட்டி டப்பாவைப் புதைத்தேன். கட்டில்களை முற்றத்தில் போட்டு, சந்து சந்தாகக் கொதிநீர் ஊற்றினேன். "கொதிநீரைத் தாங்குறது இன்னும் பொறக்கலை" என்றார் சார். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தனபாக்கியம் திரும்பி வந்து, பாயை நான்கு தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சந்து விடாமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறேன். கோலக் கை வாசலோடு சரி.