அத்தை தொட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முதல் தடவை செத்தபோது நான் சந்தேகப்பட்டது தம்பியை. அவனுக்கு அப்போது ஐந்து வயது. கையில் அகப்பட்டதை எந்த ஓட்டைக்குள் நுழைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே திரிவான். பிளக் பாயிண்டுக்குள் பல்பத்தைச் சொருகியவன். அதனால் சந்தேகத்தில் தப்பில்லை. சுவரோரம் நிற்க வைத்து விசாரித்தேன். அரை மணி நேர விசாரணைக்குப் பிறகு, அலமாரியிலிருந்த பால் பவுடரை அள்ளித் தின்றதை மட்டும் ஒப்புக்கொண்டான். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் சுத்தம்.

சந்தேகம் எங்களுக்குக் குடும்பச் சொத்து. அப்பா எர்ணாவூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் செக்கராக இருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு கண்டெய்னர் கதவிலும் இருக்கிற சீலைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. நம்பர் சரியா, யாராவது உடைத்துவிட்டு வேறு மாட்டியிருக்கிறார்களா, கீலில் புதுச் சுரண்டல் எதுவும் தெரிகிறதா. வருஷக்கணக்கில் அதையே பார்த்த மனுஷன் வீட்டிலும் அப்படித்தான் பார்ப்பார். பால் பாக்கெட்டைக்கூட நான்கு மூலையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். நான் அவருடைய மகள்.

கம்ப்யூட்டரும் அந்த யார்டிலிருந்து வந்ததுதான். ஆபீசுக்குப் புதுசு வந்ததும் பழையதை எடைக்குப் போட இருந்தார்கள். அப்பா மேனேஜரிடம் கேட்டு, நான்கு பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வந்து சேர்ந்தார். எது ஓடும், எது ஓடாது என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட லேபில் மிஸ் ஒரு கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து காட்டிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. "பொம்பளப் புள்ளைக்கு பொம்ம வாங்கியாருவாங்க, நீ இன்னா பழைய இரும்ப கொண்டாந்து கொட்டிகினு கீற" என்று அம்மா அப்பாவைத் திட்டினாள். நான் அதற்குள் ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

திறந்ததும் உள்ளே நிலக்கரித் தூசும் சாம்பலும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. எங்கள் ஊரில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையே சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும், கம்ப்யூட்டர் எம்மாத்திரம். ஃபேனைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தேன். அதற்கப்புறம் அது சுற்றவே இல்லை. ஒரு ரேமைத் தலைமாற்றிச் சொருகி, உட்காரவில்லையே என்று இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் பொசுங்கின வாடை வந்தது. ஒரு பிராசசர் கைதவறி விழுந்து, அதன் அடியிலிருந்த ஊசிக்கால்கள் கோரைப்புல் மாதிரி சாய்ந்தன. அம்மாவின் தையல் ஊசியால் நிமிர்த்தப் போனதில் இரண்டு ஒடிந்தே போயின. இந்தச் சாவுகளையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளும்போது இப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே மன்னிப்பு வழங்கிவிட்டேன்.

மிச்சமிருந்ததை வைத்து ஒன்றை ஓட வைத்தேன். திரையில் எழுத்து வந்த அன்று அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் அந்தக் கேபினட் உப்புக் காற்றில் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. நான்கில் ஒன்று மட்டும் நெட்டையாக, கறுப்பாக, முன்னால் நீல விளக்கு வைத்தது. மதர்போர்டைக் கழற்றி அதற்குள் மாற்றினேன். போர்டின் முதுகு தகரத்தில் படாமல் தூக்கி நிறுத்த, கேபினட்டுக்குள் சின்னச் சின்னப் பித்தளை முட்டுகள் மாட்ட வேண்டும். போர்டில் ஆறு ஓட்டை. கேபினட்டில் ஒன்பது. முட்டு அதிகமிருந்தால் பலம் அதிகம் என்று ஒன்பதிலும் மாட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி மணலி புதுநகரில் இருந்தவள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கட்டைப் பை ஒன்றோடு வந்து நின்றாள். எதற்கு வந்தாள், எத்தனை நாள் இருப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினார்கள். மாதம் ஒருமுறை மாமா பைக்கில் வந்து வாசலிலேயே நின்று பேசுவார். "இருக்கட்டும் மாப்ள, கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டும்" என்று அப்பா அனுப்பிவிடுவார். பைக் போகும்வரை அத்தை சமையலறையை விட்டு வரமாட்டாள். இரவில் என்னோடு பின்னறையில், கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பாள். இவ்வளவு ரகசியம் உள்ள ஆளை நான் எப்படிச் சந்தேகப்படாமல் இருப்பது?

நீல விளக்குக் கேபினட்டில் கம்ப்யூட்டர் ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் பள்ளி விட்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. தம்பியை விசாரித்தது அப்போதுதான். பிறகு வேறு பெட்டியிலிருந்த போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் மாட்டினேன். மறுபடி ஓடியது. ஆனால் மனசுக்குள் அரிப்பு. காலையில் நல்லாயிருந்தது சாயங்காலத்துக்குள் எப்படிச் சாகும்?

அப்பாவிடம் கேட்டேன். "ஒரு பொட்டி மேல டவுட்டு வந்தா நான் இன்னா பண்ணுவேன்? சீல் போடுவேன். அவ்ளோதான்" என்றார்.

கேபினட்டின் பக்கத் தகட்டில் காகிதம் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். தினமும் வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். சீல் அப்படியே இருக்கும். ஆனால் நாற்காலி மேஜைக்குள் தள்ளியிருக்கும். நான் நாற்காலியைத் தள்ளி வைக்கிற ஜாதி இல்லை. அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள், கரண்ட் அடிக்கும் என்று பயம்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்குக் கிளம்பும் முன் நாற்காலியைச் சுற்றித் தரையில் முகப் பவுடரைத் தூவினேன். மெல்லிசாக, பார்த்தால் தெரியாத அளவுக்கு. அன்று முழுக்க எந்தப் பாடமும் தலையில் ஏறவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் தரையில் பவுடர் இல்லை. அறையே பெருக்கித் துடைத்திருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். கம்ப்யூட்டர் செத்திருந்தது. சமையலறைக்குப் போனேன். அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நைட்டியின் கீழ் ஓரம் முழுக்க வெள்ளை. கிட்டே போனதும் பவுடர் மணந்தது.

அப்பா வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "நைனா, கம்ப்யூட்டர யாரு ஒட்ச்சாங்கன்னு கண்டுபுட்சிட்டேன்" என்றேன். சீல், நாற்காலி, பவுடர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பாவின் முகத்தில் முதலில் வந்தது பெருமைதான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம்தான் அத்தையைப் பார்த்தார்.

"இன்னாமே, நீயா தொட்ட?"

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். "ஆமாண்ணா. நான்தான். பொட்டுனு ஆஃப் ஆயிட்ச்சு. போன வாட்டியும் நான்தான்."

"நீ இன்னாத்துக்கு அதுல போய் குந்துன?"

அவள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "சும்மா, படம் பாக்கலாம்னு" என்றாள்.

அப்பா சத்தம் போட்டார். புருஷன் வீட்டை விட்டு வந்தவள் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்க்கிறாளா, ஊர் என்ன பேசும், மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று என்னென்னவோ. கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசியதாகவே தெரியவில்லை. "வுட்டுடு, புள்ளைங்க பாத்துகினு கீதுங்க" என்றாள் அம்மா. அத்தை மறுபடி கத்தியை எடுத்து, மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். குற்றத்தைத் துப்பறிந்தவளுக்கு ஒரு பாராட்டுகூட இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த தடவை மாமா பைக்கில் வந்தபோது, "உள்ள வாங்க மாப்ள" என்றார் அப்பா. காபி குடித்து முடித்ததும் அத்தையின் கட்டைப் பை வெளியே வந்தது. பைக்கின் பின்னால் உட்காரும்போது என்னைப் பார்த்து, "நல்லா படி" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில், இருந்ததில் கடைசி போர்டை மாட்ட உட்கார்ந்தேன். செத்ததைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். முதுகில் மிளகளவுக்கு ஒரு கருகல். முதலில் செத்த போர்டையும் எடுத்துப் பார்த்தேன். அதே மூலையில், அதே மாதிரி கருகல். கேபினட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்துக்கு நேராக, போர்டில் ஓட்டையே இல்லாத பக்கத்தில், பலத்துக்கென்று நான் மாட்டிய பித்தளை முட்டு ஒன்று நின்றது. பின்பக்கம் எதையாவது அழுத்திச் சொருகினால் போர்டு வளைந்து அதன் மேல் உட்காரும். உட்கார்ந்தால் ஷார்ட் ஆகிக் கருகும். நாற்காலியில் யார் இருந்தாலும் அது நடந்திருக்கும்.

கதவைத் தாழ் போட்டுவிட்டு அதிகப்படியான மூன்று முட்டுகளையும் கழற்றி, பின்பக்கக் கால்வாயில் வீசினேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தைதான் ஒப்புக்கொண்டாளே, அப்புறம் நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டேன்.

புது போர்டில் கம்ப்யூட்டர் எழுந்ததும், நான் உருவாக்காத ஒரு ஃபோல்டர் திரையில் இருந்தது. திறந்தேன். அத்தையின் பயோடேட்டா. பெயர், பி.காம்., டைப்பிங் லோயர், எங்கள் வீட்டு விலாசம். இரண்டு இடத்தில் ஸ்பெல்லிங் தப்பு. கல்யாணமானவரா என்று கேட்கும் வரியில் 'சிங்கிள்' என்று அடித்திருந்தாள். மாமா என்று ஒருவர் முழுசாக பைக்கில் வந்து போகிறார், இவள் சிங்கிளாம்! படம் பார்த்ததாக அப்பாவிடம் சொன்னது ஒரு பொய், இது இன்னொரு பொய். அப்பா பாஷையில் சொன்னால் நம்பர் மாற்றிய சீல். இப்படிப்பட்டவள் விஷயத்தில் நான் கொஞ்சம் தப்பு செய்திருந்தாலும் பெரிய பாவமில்லை என்று நிம்மதியாக இருந்தது. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன்.

அத்தை இப்போது எர்ணாவூரில் தனியாக வீடெடுத்து இருக்கிறாள். ஒரு லாரி ஆபீசில் பில் போடுகிறாள். மணலி புதுநகரிலிருந்து அங்கே வந்து சேர அவளுக்கு அதற்கப்புறமும் ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை. போன வருஷம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேறொரு யார்டில் வேலைக்கு ஆள் எடுப்பதாக அம்மாதான் காதில் போட்டாளாம். அப்பாவுக்குத் தெரிந்தால் விடமாட்டார். மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பழகிக்கொண்டே அடித்து முடித்து, பிரிண்ட் எடுக்க சிநேகிதியின் பென் டிரைவை வாங்கி வந்து பின்னால் சொருகியிருக்கிறாள். பொட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து அடித்தாளாம், இரண்டாவது தடவையும் அப்படியே.

"என் கை ராசி அப்பிடி. இப்பகூட ஆபீஸ்ல பென் டிரைவு சொருவணும்னா பக்கத்து சீட்டு பொண்ணத்தான் கூப்புடுவேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை. பித்தளை முட்டைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டாள். சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரசம் ஊற்றட்டுமா என்றாள்.

காணும் பொங்கலன்று நடந்ததை மட்டும் அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவள் திரும்பிப் போய் மூன்று மாதம் கழித்து வந்த பொங்கல் அது. மாமா கூட்டிவந்திருந்தார். அவரும் அப்பாவும் முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை கரும்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள்.

"பொட்டி ஓடுதாடி?"

"ஓடுது."

"நீயே ரெடி பண்ணிட்டியா?"

"ம்."

முன்னறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "அதுக்குள்ள முன்ன இருந்ததெல்லாம் அப்பிடியே கீதா?"

இவளுக்கு முட்டு விஷயம் தெரிந்துவிட்டது, கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் எட்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஒரு வாட்டி உள்ள போய் பாத்துட்டு வரட்டா? அஞ்சே நிமிசம்."

"வேணாம். யாரும் தொடக் கூடாதுன்னு நைனா சொல்லிருக்காரு."

அப்பா அப்படிச் சொல்லவில்லை. அத்தை சரி என்று தலையாட்டினாள். மாமா கூப்பிட்ட குரலுக்கு, "தோ வரேன்" என்று போனாள்.

நான் பின்னறைக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அத்தை இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தாள். இரண்டு தடவையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் பைக் கிளம்பி, சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் எழுந்து கரும்பைக் கடித்தேன்.