சூப்பர்வைசருக்காக விழுந்தவன்

அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் லைன் சூப்பர்வைசர் வாயிலிருந்துதான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் அப்போது காண்ட்ராக்ட் ஆள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வேலையிலிருந்து நிறுத்திய ஒருவன் கேட்டுக்கு வெளியே அவரை அறைந்துவிட்டான். அதிலிருந்து மனிதர் அரண்டுபோய், ஷேர் ஆட்டோ பக்கமே போகாமல் ஸ்டாஃப் பஸ்ஸிலேயே வந்துபோனார். மறைமலை நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்கிடோ வகுப்பு நடக்கிறது, ஜோடியாகப் பழகவேண்டுமாம், நீயும் வா என்றார். பெர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியலில் யார் பெயர் ஏறவேண்டும் என்று எழுதுபவர் அவர்தான். வரமாட்டேன் என்று சொல்ல நான் என்ன கிறுக்கனா?

வகுப்பு ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். சொல்லிக்கொடுத்தவர் சென்னையில் பேங்க் வேலை பார்த்த ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் மாதம் முழுக்க விழுவதற்கு மட்டுமே பழக்கினார். தலையை உள்ளே மடக்கி, தோளில் உருண்டு, உள்ளங்கையால் பாயை அறைந்து விழவேண்டும். வாரமெல்லாம் லைனில் நின்று மரத்துப்போன எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது. சூப்பர்வைசரைத் தொப்பை உருளவிடவில்லை.

பிறகு ஜோடிப் பயிற்சி. ஒருவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கவேண்டும். மற்றவர் உடம்பைத் திருப்பி, பிடித்தவனின் கையையே முறுக்கி அவனைச் சாய்க்கவேண்டும். நான் சூப்பர்வைசர் கையைப் பிடித்தேன். அவர் திரும்பினார். ஒன்றுமே நடக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்த்ததும் நானாகவே விழுந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விழுந்தேன். காக்கா பிடிப்பதில் எத்தனையோ வகை உண்டு. ஒருவன் டீ வாங்கிக் கொடுப்பான், இன்னொருவன் சூப்பர்வைசர் வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்குவான். நான் உருண்டு காட்டினேன். சொல்லிக்கொடுத்தவர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் அவருக்கு நல்லது செய்யவில்லை, இறுக்கிப் பிடியுங்கள் என்றார். இந்தம்மாவுக்கென்ன, பேங்க் உத்தியோகம் என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் ஆளே மாறிப்போனார். நடையில் ஒரு நிமிர்வு வந்தது. ஸ்டாஃப் பஸ்ஸை விட்டுவிட்டு, பழையபடி என்னோடு ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டில் அவரை அறைந்த அந்தப் பழைய ஆள் நின்றிருந்தான், கூட இன்னொருவன். ஓடியிருக்கலாம். பக்கத்திலேயே ஒரு ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் ஓடவில்லை. அவன் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்ததும், பாயில் செய்தது போலவே அழகாகத் திரும்பினார். திரும்பியவர், அவன் விழுவதற்காகக் காத்து நின்றார். அவன் ஏன் விழப்போகிறான், அவனுக்குத்தான் எந்தப் பட்டியலும் இல்லையே. கூட வந்தவன் இரும்புக் குழாயால் அவர் வலது முழங்கையில் அடித்தான். தடுக்கப் போன என்னை ஒரே தள்ளு. தலையை மடக்கி, தோளில் உருண்டு, தார் ரோட்டை உள்ளங்கையால் அறைந்து விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். இங்கே விதைத்தது நான், அறுத்தது அவர்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டு. உள்ளே இரண்டு பிளேட் வைத்திருப்பதாகவும், கை இனி முழுசாக நீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் அவர் மனைவி சொன்னார். பட்டியல் அடுத்த வாரம் போகிறது, கையெழுத்து வாங்க ஆபீஸ் ஆள் வீட்டுக்கே வருவான் என்றார் சூப்பர்வைசர்.

"தம்பி, கிளாஸ்ல நீ நெஜமாத்தானே வுழுந்த?"

அதைக் கேட்க அவர் எத்தனை நாள் படுத்துக்கிடந்து யோசித்திருப்பாரோ.

"நெசமாத்தான் சார்."

"அப்போ தப்பு என்னுதுதான். காலைச் சரியா திருப்பல போலகீது." கட்டிலைவிட்டு மெதுவாக எழுந்து இடது கையை நீட்டினார். "இந்தக் கையப் புடி, பாக்கலாம்."

அவர் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தேன். ஒருமுறையாவது இறுக்கிப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பட்டியல் அடுத்த வாரம் போகிறது என்பதும் கூடவே தோன்றியது. அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு திரும்பினார். அந்த மொசைக் தரையில் நான் விழுந்தேன்.