மர்சூக் தொலைத்த விமானங்கள்

மணல் பறக்கிற காற்றடித்தால் எங்கள் ரிமோட் பொம்மை விமானக் கிளப்பில் ஒருவனும் விமானத்தை வெளியே எடுக்கமாட்டான். வண்டிக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி வானத்தைத் திட்டுவோம். அப்போதுதான் மர்சூக் வருவார்.

குவைத்தின் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம், பிள்ளை கிடையாது. ஆனால் ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டால் ஆள் ராஜா. எதிர்காற்றில் மூக்கை நிறுத்தி, விமானத்தை ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கவைப்பார். எங்களில் யாருக்கும் அது கைவந்ததில்லை. பொறாமைதான், மறைப்பானேன்.

அப்பேர்ப்பட்டவர் அந்தக் குளிர்காலத்தில் விமானத்தைத் தொலைத்துக்கொண்டே இருந்தார். காற்று போகிற பக்கம் திருப்பிவிடுவார். அது கூடாரங்கள் இருக்கும் திசையில் போய் மறைந்துவிடும். குளிர்காலத்தில் பாதி ஊர் பாலைவனத்தில்தானே கூடாரம் போட்டுக் கிடக்கிறது! இறக்கையில் பெயரும் போன் நம்பரும் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். எடுத்தவர்கள் கூப்பிடுவார்கள், இவர் போய் வாங்கிவருவார்.

"அண்ணே, கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்லேன்னா விமானத்துக்கு ஒரு கயிறு கட்டுங்க," என்பான் எங்கள் கிளப்பின் வாயாடி பந்தர்.

"முதல்ல உன் வாயைக் கட்டுறேன்," என்பார் மர்சூக்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பந்தரும் நானும் சேர்ந்து ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கி அவர் விமானத்தின் வயிற்றுக்குள் ஒட்டினோம். எங்கே விழுந்தாலும் எங்கள் போன்களிலும் அவர் போனிலும் புள்ளி காட்டும். பெரிய உபகாரம் செய்துவிட்ட மிதப்பு எங்களுக்கு. "நல்லாயிருங்கப்பா," என்றார். முகத்தில் களையே இல்லை.

மார்ச் கடைசியில் ஒரு நாள் பேய்க்காற்று. நானும் அவரும் மட்டும்தான். விமானம் வழக்கம்போலப் போய்விட்டது. என் போனில் புள்ளி தெரிந்தது.

"பக்கத்துலதான் கிடக்கு, வண்டியில ஏறுங்க."

"வேணாம். போன் வரும்."

"யாரு பண்ணுவா? கூடாரமெல்லாம் பிரிச்சாச்சு. அங்க ஈ காக்கா இல்லை!" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவர் மணலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன தடவை புள்ளியைப் பார்த்துப் போனேன். ஒரு கூடாரத்துக்குப் பின்னாடி கிடந்துச்சு. உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். எடுத்துக்கிட்டு வந்துட்டேன். என்னன்னு சொல்லிக்கிட்டு உள்ளே போறது? முன்னெல்லாம் அவங்களே கூப்பிடுவாங்க. 'ஹாஜி, உங்க விமானம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு, சாப்பாட்டு நேரம், வாங்க'ன்னு. போனா, எல்லாரும் சாப்பிடுற பெரிய தட்டைச் சுத்தி நகர்ந்து இடம் விடுவாங்க. லேசுல எழுந்திரிக்க விடமாட்டாங்கய்யா."

"அப்ப வேணும்னேதான் விட்டீங்களா?"

அவர் ரிமோட்டை அணைத்துப் பைக்குள் வைத்தார். நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

"எங்க வீட்டுக்கு வாங்கண்ணே. இப்பவே."

"நான் சொன்னதுனால கூப்பிடறே," என்றார் கோபமே இல்லாமல். "அந்தக் கூடாரத்து ஆளுங்க யார்கிட்டயும் நான் எதுவும் சொன்னதில்லை."

விமானத்தை எடுக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன். அவர் வீடு வரும்வரை தன் போனை மடியில், திரை மேலே தெரியும்படி வைத்திருந்தார். அடுத்த கூடாரம் முளைக்க நவம்பர் ஆகும்.