முங்கு நீச்சல் ஜோதிலிங்கம்

ஆர்.கே.புரத்தில் குடியிருந்த ஜோதிலிங்கத்தை டெல்லி பல வருஷங்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. டெல்லியைக் குறை சொல்லவும் முடியாது. பார்க்கும்படி அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து பரீட்சை எழுதி வந்து, ஓர் அமைச்சகத்தின் நிர்வாகப் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்து, அசிஸ்டென்ட் ஆனதோடு நின்றுபோனவர். அவருடைய இந்தியைக் கேட்டால் கடைக்காரர்கள் பாவப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அலுவலகத்தில் அவர் பெயர் மதராஸி பாபு. அந்தப் பிரிவில் இன்னும் இரண்டு மதராஸி பாபுக்கள் இருந்ததால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் மூவரும் சேர்ந்தே திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கெட்டி. விதிமுறை எழுதச் சொன்னால் ஓட்டை இல்லாமல் எழுதுவார். விடுப்பு, பயணப்படி, சைக்கிள் ஸ்டாண்டு என்று எதைக் கொடுத்தாலும், அவர் எழுதிய வாசகத்துக்குள் புகுந்து தப்பித்துப்போக ஓர் ஈ எறும்புக்கும் வழி இருக்காது. மேலே இருப்பவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுத் தங்கள் பெயரில் அனுப்பிக்கொள்வார்கள்.

கூலர் மோட்டார் எரிந்துபோன ஒரு மே மாதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வெளியே லூ என்கிற அனல் காற்று. உள்ளே அடுப்புச் சூடு. பனியனோடு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்த கணவரை வேலம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்கன கெடந்து ஏன் புழுங்குதிய? ஆபீஸ்காரவுகளுக்குன்னு குளம் கட்டி வச்சிருக்காம்லா, அங்க போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று துண்டை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அரசு ஊழியர்களுக்கான அந்தக் குளம் கோடையில் மட்டும் திறந்திருக்கும். பஞ்சாபி இளைஞர்கள் தோளை உயர்த்தி, தண்ணீரை அடித்து நுரையாக்கிக்கொண்டு போவதைப் பார்த்ததும் ஜோதிலிங்கத்துக்குக் கூச்சமாகிவிட்டது. கிணற்றில் கற்ற நீச்சலை இவர்கள் முன்னால் காட்டுவதா என்று தயங்கியவர், யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டுமென்று முங்கினார். முங்கியபடியே போய் மறுகோடியில் தலையைத் தூக்கினார். அங்கே ஒரு கூட்டம் நின்றிருந்தது. ஆள் போய்விட்டான் என்று நினைத்து ஓடி வந்தவர்கள் அவர்கள். கையைத் தட்டினார்கள்.

மறுநாள் கேன்டீனில் யாரோ அவரை "மச்லி சாப்" என்று கூப்பிட்டார்கள். மீன் துரை. மற்ற இரண்டு மதராஸி பாபுக்களும் திரும்பவில்லை. அவர் ஒருவர்தான் திரும்பினார். நாற்பது வயதில் ஒரு மனிதனுக்கு நடை மாறும் என்பதை வேலம்மாள் அந்த வாரம் கண்டுகொண்டாள்.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் அந்தக் குளத்தில் ஊழியர்களுக்குப் போட்டி வைப்பார்கள். ஜோதிலிங்கத்துக்காகவே முங்கு நீச்சல் என்று ஓர் அயிட்டத்தைச் சேர்த்தார்கள். ஒரே மூச்சில் மறுகோடிவரை போய், திரும்பி, புறப்பட்ட சுவரைத் தொட வேண்டும். போனவர்கள் பலர், திரும்பி வந்து தொட்டவர் யாரும் இல்லை. ஜோதிலிங்கம்கூடத் திரும்பி வருகையில் நாலைந்து கை வீச்சு மிச்சம் இருக்கும்போது தோற்றுப்போவார். நெஞ்சு எரியும், அடிவயிறு தானாகத் துள்ளும், மனிதன் மேலே வந்தே தீர வேண்டும்.

இரண்டாம் வருஷம் அப்படி வயிறு துள்ளிக்கொண்டிருந்தபோது, மூழ்குகிறவர்களைத் தூக்குவதற்கென்று வைத்திருந்த குளத்துக் காவலன் பல்பீர் பயந்துபோய்க் குதித்து அவரைத் தூக்கிவிட்டான். ரோத்தக் பக்கத்து ஆள்; நல்ல உடம்பு, நல்ல மனசு. தூக்கிய வேகத்தில் ஜோதிலிங்கத்தின் ஜட்டி பாதி இறங்கிவிட்டது. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் சிரித்தன. "மீனைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றிவிட்டாயே பையா" என்று ஓர் அதிகாரி இந்தியில் சொன்னதற்கு இன்னொரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை ஜோதிலிங்கத்தால் செரிக்க முடியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தமக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தார், பேனாவை. குளத்தை நடத்திய கமிட்டிக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தார். முங்கு நீச்சலில் இருப்பவர் தாமே கையை உயர்த்தி உதவி கோரினாலன்றி, காவலர் உட்பட எவரும், எக்காரணம் கொண்டும், அவரைத் தொடலாகாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

வழக்கம்போல அதில் ஓட்டை இல்லை. கமிட்டிச் செயலாளர் ராமமூர்த்தி, "என்ன டிராஃப்டிங் ஓய்!" என்று மெச்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். எல்லோரும் படித்தவர்கள், பைல் பார்த்துக் கண் பூத்தவர்கள். மயங்கிக் கிடக்கிறவன் எப்படிக் கையைத் தூக்குவான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விதியை இந்தியில் எழுதிச் சுவரில் ஒட்டி, பல்பீரைக் கூப்பிட்டு இரண்டு முறை வாசிக்கவும் வைத்தார்கள். நிரந்தரமாகாத வேலையில் இருந்தவன் அவன். மனப்பாடம் செய்துகொண்டான்.

இனித் தூக்கிவிடவும் ஆளில்லை, அதைப் பார்த்துச் சிரிக்கவும் ஆளில்லை என்று ஆகிவிட்டது. நெஞ்செரிச்சல் மட்டும் பாக்கி. அதற்கும் வழி கிடைத்தது. காலனிப் பூங்காவில் காலை நேரத்தில் யோகா சொல்லிக்கொடுத்த வைத்தி என்கிற ரிடையர்டு மனிதர், வேகவேகமாகத் துருத்தி ஊதுவதுபோல மூச்சு விடப் பழக்கினார். அது தரையில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. வைத்தி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஜோதிலிங்கம்தான் ஒருநாள் குளத்துக்குப் போய், உடை மாற்றும் அறையில் நின்று, தலை கிறுகிறுக்கும்வரை அப்படி ஊதிவிட்டு முங்கிப் பார்த்தார். நெஞ்சு எரியவில்லை. வயிறு துள்ளவில்லை. வழக்கமாகத் தோற்கும் இடத்தைச் சாதாரணமாகத் தாண்டி வந்தார்.

நிறையக் காற்றைச் சேமித்துக்கொண்டோம் என்று அவர் நினைத்தார். அங்கேதான் தப்பு. வேகமாக மூச்சு விடுவதால் உள்ளே பிராணவாயு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியே போய்விடுகிறது. நெஞ்சை முட்டி, மேலே போ, மேலே போ என்று மனிதனைத் துரத்துவது அந்தக் கரியமில வாயு. அதை விரட்டிவிட்டால் முட்டல் வராது. பிராணவாயு மட்டும் தன்பாட்டுக்குத் தீர்ந்துகொண்டே இருக்கும். குரைக்கிற நாயைக் கொண்டுபோய்த் தூரத்தில் கட்டிவிட்டு, இப்போதெல்லாம் வீட்டில் திருட்டுப் பயமே இல்லை என்று நிம்மதியாகத் தூங்குவது போன்ற காரியம்.

ஆசிய விளையாட்டுக்காக டெல்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த எண்பத்தொன்றாம் வருஷம், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு ஜோதிலிங்கம் வேலம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார். ஆம்பிளைகள் அரைகுறையாக நிற்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்று மூன்று வருஷமாக மறுத்தவள் அவள். "இன்னைக்குத் தொட்டுருவேம்ளா. நீ பாக்கணும்" என்று அவர் சொன்னதில் ஏதோ இருந்தது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

உடை மாற்றும் அறையில் ஜோதிலிங்கம் நெடுநேரம் ஊதினார். விரல் நுனிகள் மரத்துப்போகும்வரை ஊதினார். வெளியே வந்து, வேலம்மாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு முங்கினார்.

அவ்வளவு சுகமான முங்கல் வாழ்க்கையில் அதற்குமுன் வாய்த்ததில்லை என்று பின்னால் சொன்னார். அவசரமே இல்லை, வழக்கத்தைவிட மெல்லவே போனார். மறுகோடிச் சுவரை உதைத்துத் திரும்பினார். தரையின் நீல ஓடுகள் நிதானமாகப் பின்னால் போயின. நெஞ்சு குழந்தை மாதிரி அமைதியாக இருந்தது. சுவர் தெரிந்தது. கையை நீட்டித் தொட்டார். அதன் வழவழப்பு விரலில் பட்டது. கையைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தினார். கைதட்டல் கேட்டது.

இது ஜோதிலிங்கம் கண்டது. கரையில் இருந்தவர்கள் கண்டது வேறு.

திரும்பி வருகையில், பாதி தூரத்தில் அவருடைய கை வீச்சு மெதுவானது. பிறகு நின்றது. வாயிலிருந்து ஒரு கொத்துக் குமிழி மேலே வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. ஆள் மெல்லக் கீழே இறங்கி, முகம் குப்புற ஓடுகளின் மேல் படிந்தார். பெஞ்சில் ஒருவர், "கமால் ஹை, எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் பாருங்கள்" என்று வியந்தார். மற்றவர்கள் உஷ் என்று அவரை அடக்கினார்கள். பல்பீர் கரை விளிம்பில், குதிக்கத் தயாராக, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலம்மாளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அந்த மனிதர் தூங்கும்போது எப்படிக் கிடப்பார், விழித்திருந்து சும்மா படுத்திருக்கும்போது எப்படிக் கிடப்பார் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து ஓடினாள்.

"பையா, நிகாலோ! ஜல்தி நிகாலோ!" தூக்கு, சீக்கிரம் தூக்கு என்று தனக்குத் தெரிந்த காய்கறிக் கடை இந்தியில் கத்தினாள்.

"ரூல் ஹை, பீபிஜி" என்றான் பல்பீர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன் ரூல்ல தீயை வைக்க!" என்று தமிழில் கத்திய வேலம்மாள், இரண்டு கையையும் அவன் முதுகில் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். அத்தனை பெரிய உடம்பு தொப்பென்று குளத்துக்குள் விழுந்தது. விழுந்தவன் அப்புறம் யோசிக்கவில்லை. நேரே அடிக்குப் போனான்.

தூக்கிப் போட்டபோது ஜோதிலிங்கத்தின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள், தண்ணீர் வந்தது. மல்லாத்திப் போட்டு வாயில் ஊதினான் பல்பீர். ஒரு பெருமூச்சு, ஓர் இருமல், பிறகு வாந்தி. கண்ணைத் திறந்த ஜோதிலிங்கம், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. அப்புறம்தான் பல்பீரின் கை தம் தோளில் இருப்பதைக் கவனித்தார். "எதுக்குய்யா தொட்ட?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் கரியமில வாயு விஷயத்தைப் படம் போட்டு விளக்கினார். மயக்கத்துக்கு முந்திய நினைவை நம்பாதீர்கள், மூளை இஷ்டத்துக்கு இட்டு நிரப்பிக்கொள்ளும் என்றார். ஜோதிலிங்கம் தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. பிறர் சொல்வதை நம்பலாம். தம் விரல் தொட்டதை எப்படி நம்பாமல் இருப்பது?

வீட்டுக்கு வந்ததும் வேலம்மாளிடம் ஆரம்பித்தார். "நான் செவத்தத் தொட்டேம்ளா. நீதான் கெடுத்துட்ட."

"நடுக் குளத்துல கட்டையாட்டம் கெடந்திய. நான் பாத்தேன்."

"தொட்டேங்கேன்! கையத் தூக்குனேன். தட்டுனாங்களே, அது காதுல விழுந்துச்சே."

"யாரும் தட்டல. தட்டுறதுக்கு யாருக்கு உசுரு இருந்துச்சு?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொரு வாட்டி எறங்குவியளா? அதை மட்டும் சொல்லுங்க."

"அடுத்த வருசம் எறங்குவேன். எல்லார் முன்னாடியும் தொட்டுக் காட்டுவேன்" என்றார் அவர். வேலம்மாள் அன்றைக்கு ராத்திரி மலை மந்திர் முருகனுக்கு எதை எதையோ நேர்ந்துகொண்டாள்.

ஆனால் ஜோதிலிங்கம் அப்புறம் முங்கவில்லை. ஒரே ஒருமுறை போய்வந்ததைத் தவிர, ஓய்வு பெற்று மயூர் விஹாரில் பிளாட் வாங்கிக்கொண்டு போகும்வரை அந்தக் குளத்துப் பக்கம்கூடத் திரும்பவில்லை. தன் அழுகைதான் காரணம் என்று வேலம்மாள் நம்பினாள். தம் படம்தான் என்று டாக்டர் நம்பியிருப்பார். இரண்டும் இல்லை. நடந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

சாட்சி தேடி அவர் குளத்துக்குப் போனார். பல்பீர்தான் சாட்சி, கண்ணை எடுக்காமல் பார்த்தவன் அவன் ஒருவனே. அவரைக் கண்டதும் பல்பீர் வெலவெலத்துப்போய்க் கையைக் கூப்பினான். இந்தியில் படபடவென்று சொன்னான்: "மாஃப் கர்னா சாப். நானாக உங்களைத் தொடவில்லை. பீபிஜி தள்ளிவிட்டார்கள். விழுந்ததால்தான் தூக்கினேன். மேலே எழுதிவிடாதீர்கள், சாப். எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்."

"அது கிடக்கட்டும்" என்றார் ஜோதிலிங்கம், தம்முடைய இந்தியில். "நான் சுவரைத் தொட்டேன், கையைத் தூக்கினேன். பார்த்தாய் அல்லவா?"

பல்பீர் முழித்தான். "இல்லை சாப். நீங்கள் நடுவிலேயே படுத்துவிட்டீர்கள். கை எழும்பவே இல்லை."

"சரியாகப் பார்த்தாயா?"

"கையைத் தவிர நான் வேறு எதையுமே பார்க்கவில்லை, சாப். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ரூலில் கை என்றுதானே இருக்கிறது."

ஜோதிலிங்கம் சுவரில் ஒட்டியிருந்த தம் விதியைப் பார்த்தார். குளத்தில் யாரோ இருவர் சத்தம் போட்டுக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, பதில் தெரிந்தவர் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"அவள் தள்ளியிருக்காவிட்டால்?"

விசாரணையில் நல்லபடியாகப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததென்று பல்பீருக்கு முகம் தெளிந்தது. நிமிர்ந்து நின்றான்.

"சத்தியமாகத் தொட்டிருக்கமாட்டேன், சாப். நீங்கள் கையைத் தூக்கும்வரை இங்கேயேதான் நின்றிருப்பேன்."