அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவே

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. நடுநடுவே மறந்தும் போகும். முன்னுக்குப் பின் ஆகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்றேன். அப்படியானால் எழுது என்று தம்பி மகள் நோட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டாள்.

அவள் எலப்புள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறாள். போன லீவுக்கு இங்கே சூரியநெல்லிக்கு, எங்கள் தேயிலை மலைக்கு வந்தபோது, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். புதுப் பெட்டிதான். ஆனால் இருபது வருஷத்துப் பழைய விளையாட்டையும் ஓட்டுமாம். அதற்காக, பழைய பெட்டி மாதிரியே நடிக்கிற ஓர் அறையை அதற்குள் வைத்திருக்கிறார்களாம்.

அவள் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்திருந்தாள். ஒரு பெண் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டே போவாள். ஆனை வந்தால் ஓட வேண்டும். அதை இந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அதைச் செய்த கம்பெனியின் முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாதாம்.

"காசு குடுத்து வாங்குன பொட்டி, நம்ம சொன்னா கேக்காதா?" என்றேன்.

"கேக்காது அத்தை. பொட்டிதான் நம்மளது. அதுக்கு முதலாளி வேற."

மூன்று நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினாள். எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். பழைய விளையாட்டு ஒன்று, ஆடுகிறவரின் பெயரைக் கேட்கும். எட்டு எழுத்துக்கு மேல் போட விடாது. ஆனால் ஆடி நிறுத்திய இடத்தைப் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும் அல்லவா, அதை இவள் கம்ப்யூட்டரில் எடுத்துப் பெயரை நீட்டிவிட்டாள்.

"திரும்ப வாசிக்கையில அது அளந்து பாக்காது அத்தை. பேருக்குன்னு விட்ட கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துல போயி விழும். அங்க விழுந்ததைப் பேருன்னு நெனைக்காது. உத்தரவுன்னு நெனைச்சுக்கும்."

"புதுசா செஞ்சவங்க அதை அடைச்சிருக்கலாமே?"

"பழைய டிஸ்க்கு எல்லாம் ஓடணும்ல? பழசை அப்படியே தூக்கி உள்ள வச்சுட்டாங்க. பழைய ஓட்டையும் கூடவே வந்துருச்சு."

பெயரை ஏற்றினாள். டிவி கறுத்துப் போனது. கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு பச்சையாக ஒரு மலை வந்தது, கூடையோடு ஒரு பெண் வந்தாள், பின்னாலேயே ஆனை. இவள் எழுந்து குதித்தாள். அந்தப் பழைய அறைக்குள் மட்டும்தான் இவள் சொன்னது நடக்குமாம், வெளியே வர முடியாதாம். அது போதும் என்றாள். கம்பெனி தெரிந்துகொண்டு ஓட்டையை அடைக்க ஆள் அனுப்புவது போல நெட்டு வழியாக எதையோ அனுப்புமாம். அதனால் நெட்டைத் துண்டித்து வைத்திருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை உங்க அப்பத்தா எப்பவோ செஞ்சுட்டா" என்றேன். என்ன என்று பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் எஸ்டேட்டில் குளிர் தொடங்கும் முன் வேலையாள் ஒருவருக்கு ஒரு கம்பிளி கொடுப்பார்கள். அப்பா அந்த வருஷம் கால் ஒடிந்து வேலைக்குப் போகவில்லை. அம்மா பெயருக்கு மட்டும் ஒன்று வரும். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர், நான், கைக்குழந்தையாக என் தம்பி. அவனுக்கு நெஞ்சில் சளி கர்கர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் பிறந்தது, முந்தின குளிரைத் தாண்டவில்லை.

பெயர்ப் பட்டியலைப் பழைய கங்காணி தமிழில் எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு அந்த வருஷம்தான் வந்த மலையாளத்துக் கிளார்க், அந்தத் தாள்களை அப்படியே புது ரிஜிஸ்தரில் ஒட்டிக்கொண்டார். பெயருக்கு ஒரு கட்டம், எத்தனை என்பதற்கு ஒரு கட்டம். எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கங்காணி இரண்டாவது கட்டத்தில் எதுவும் எழுதுவதில்லை. எங்கள் அம்மாவின் பெயர் நீளம். அதோடு அப்பாவின் பெயரையும் சேர்க்க வேண்டும். அப்பா பெயர் ஆறுமுகம். அம்மாவின் பெயரிலேயே கட்டம் நிறைந்துவிட்டதால் 'ஆறு' கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்தில் விழுந்தது. 'முகம்' இடமில்லாமல் கீழே இறங்கிவிட்டது.

அம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா ஒருபடி மேலே போய், ஆறு என்ற எண்ணையே சொல்ல மாட்டாள். கொழுந்துக் கூடை எண்ணினாலும் முட்டை எண்ணினாலும், "நாலு, அஞ்சு, அதுக்கு மேல, ஏழு" என்றுதான் போவாள்.

எங்கள் முறை வந்தது. கிளார்க் எழுத்துக்கூட்டி அம்மாவின் பெயரை வாசித்தார். பிறகு விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு... ஆறாணோ?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். "ஆமாங்கய்யா, அவுகதான்."

அவருக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ. அம்மா இடுப்பில் இருந்த தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் இன்னும் நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார். "ஆறெண்ணம் கொடுக்கு" என்று கட்டுப் பிரிக்கிறவரிடம் சொன்னார்.

ஆறு கம்பிளியும் மேசைமேல் வந்து அடுக்காக விழுந்தன. அம்மா அடுக்கைப் பார்த்தாள். நான் அம்மாவின் வாயைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றை என் தலையில் ஏற்றி, மூன்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"என்னடி, கம்பிளி யாவாரமா?" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அவுக பேருக்குக் குடுத்தது" என்றாள் அம்மா, நிற்காமல்.

அப்பா கட்டிலில் கிடந்தபடி எண்ணிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சத்தம் போட்டார். அம்மா ஒன்றை நாலாக மடித்துத் தம்பிக்குக் கீழே போட்டுக்கொண்டே சொன்னாள்: "போயி என்னன்னு சொல்ல? அது எண்ணிக்கை இல்ல, எங்க வீட்டுக்காரரு பேருன்னு, பேரைச் சொல்லவா? உங்க பேரை நான் சொல்லணுமா?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவால் பாவம் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நானும் நம்பினேன். பெரியவளான பிறகும் வேடிக்கைக் கதையாகவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ரிஜிஸ்தரில் இரண்டு கட்டத்துக்கும் நடுவே சிவப்பு மையில் தடித்த கோடு போட்டிருந்தார்கள். வாயாலும் பெயர் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அப்பா பெயரைச் சொல்வதற்காகவே அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனாள். நான் சத்தமாகச் சொன்னேன். ஒன்று கொடுத்தார்கள்.

கதையைக் கேட்டுத் தம்பி மகள் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் டிவியை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்பத்தா ஆறுங்கிற சொல்லைத்தான சொல்லக்கூடாது? 'ஒண்ணு'ன்னு சொல்லியிருக்கலாமே அத்தை?"

வாசலில் தம்பி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று என்பது எங்கள் வீட்டில் யார் பெயரும் இல்லை. எட்டு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. எனக்கும்தான் வாய் இருந்தது.

பெட்டியைப் பற்றி நான் எழுதியதில் தப்பு இருக்கும். விவரம் தெரிந்த பிள்ளைகள் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கம்பிளி ஆளுக்கு ஒன்று என்று எண்ணித்தான் வந்திருக்கும். கீழ் லயத்து வீட்டு வரிசையில் இருந்தவர்கள் எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்பார்கள். எங்களுக்கு ஐந்து கூடுதலாக வந்த அந்த வருஷம் அவர்களில் ஐந்து பேருக்குக் கிடைத்ததா, இல்லையா? அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.