என்னைக் கழற்றினாலும் கெடாத வெப்சைட்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கு நானும் இரண்டு நண்பர்களும் வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம்.

"பக்கத்தை மூணு ஃபிரேமா, ஆளுக்கொரு பகுதியாப் பிரிச்சுட்டோமுங்க. கை ஒருத்தர், காலர் ஒருத்தர் தைக்கற மாதிரி. ஒண்ணை மாத்துனா மத்தது கெடாதுங்க" என்று முதலாளிக்கு விளக்கியவன் நான்தான்.

இன்று திறந்து பார்த்தால், நான் செய்த ஆர்டர் பகுதி இருந்த இடத்தில் வேறு யாரோ செய்தது இருக்கிறது. கம்பெனிக்கே போய்க் கேட்டேன்.

"மச்சினன் பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கானுங்க தம்பி. உங்க பகுதியை மட்டும் அவங்கிட்டக் குடுத்துட்டேன். நீங்க சொன்னது நெசந்தானுங்க, மத்தது ஒண்ணுமே கெடலீங்க."

நண்பர்கள் இருவருக்கும் நான் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

என் வேலை எவ்வளவு சுத்தம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வாழ்த்துகிறவர்கள் பின்னூட்டத்தில் வாழ்த்தலாம்.